கிலோ என்ன விலை?

தாம்பரம் முடிச்சூர் சாலையில் உள்ள ஒரு பல்பொருள் அங்காடி. மாதத்தின் முதல் ஞாயிறு. சமையல் எண்ணெய் அடுக்கின் முன்னால் நின்ற ஒரு அம்மா இரண்டு பாக்கெட்டுகளை நீட்டிக் கேட்டார்: "தம்பி, இதுல எது மலிவு?" ஒன்றில் 850 மில்லி, இன்னொன்றில் 800 கிராம். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம் என்பது தெரிந்திருந்தால்தான் இந்தக் கணக்கையே தொடங்க முடியும். செல்போனை எடுத்து வகுத்துப் பார்த்துத்தான் என்னாலும் பதில் சொல்ல முடிந்தது. விலை குறைவாகப் போட்டிருந்த பாக்கெட்தான் கிலோவுக்குக் கூடுதலாக வந்தது.

மளிகைச் செலவைக் குறைப்பது பற்றி நமக்கு வரும் அறிவுரைகளுக்குக் குறைவே இல்லை. பட்டியல் எழுதுங்கள், பசியோடு கடைக்குப் போகாதீர்கள், தள்ளுபடி நாளில் வாங்குங்கள். எல்லாம் சரிதான். ஆனால் நம் அம்மாக்கள் கடையில் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "கிலோ என்ன விலை?" தாம்பரம் சண்முகம் சாலைக் காய்கறிக் கடைகளில் இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் வருகிறது. பாக்கெட்டில் அடைத்த பொருளிடம்தான் அதைக் கேட்க முடிவதில்லை.

முன்பு அப்படி இல்லை. பொட்டலப் பொருட்களுக்கான 1977ஆம் ஆண்டு விதிகளும், பின்னர் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளும், எந்தப் பொருளை எந்த அளவுகளில் அடைக்கலாம் என்று வரையறுத்திருந்தன. எண்ணெய், பருப்பு, தேயிலை, பிஸ்கட், உப்பு, சோப்பு என 19 பொருட்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. 2021இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. அதன் பிறகு விலையைத் தொடாமல் அளவை மட்டும் குறைப்பது மிக எளிதாகிவிட்டது.

அதே திருத்தம் ஒரு மாற்றையும் தந்தது. அலகு விலையைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைவான பொட்டலம் என்றால் கிராமுக்கு இத்தனை என்றும், கிலோவுக்கு மேற்பட்டது என்றால் கிலோவுக்கு இத்தனை என்றும் போடச் சொல்கிறது. அதையும் இரண்டு தசமத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இங்கேதான் கோளாறு. 500 கிராம் பருப்பு 83 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 166 ரூபாய். பக்கத்தில் 850 கிராம் பொட்டலம் 147 ரூபாய். கிலோவுக்கு ஏறத்தாழ 173. இரண்டின் மீதும் அச்சாகியிருப்பது ஒரே எண்: கிராமுக்கு 0.17 ரூபாய். கிலோவுக்கு ஏழு ரூபாய் வித்தியாசம் எங்கே போனது? கிராம் கணக்கில் யார் பருப்பு வாங்குகிறோம்?

பெரிதாக வாங்கினால் மிச்சம் என்ற நம்பிக்கையும் எல்லா இடத்திலும் செல்லாது. ஷாம்பு சாஷே பல நேரங்களில் பாட்டிலைவிட மில்லிக்கு மலிவு. அரிசியில் கதை வேறு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதனால்தான் நம் ஊர்க் கடைகளில் 26 கிலோ சிப்பங்கள் வந்தன. சிப்பமாக வாங்க முடிந்தவருக்கு வரி இல்லை, ஐந்து கிலோ பை வாங்குபவருக்கு உண்டு. இது நியாயமில்லை என்பது என் கருத்து. வாடகை வீட்டில் இரண்டு பேர் இருக்கும் குடும்பம் 26 கிலோவை வாங்கி வைத்தால் பாதிக்கு மேல் வண்டு விழும்.

முடிச்சூரில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. 2015 டிசம்பர் முதல் வாரம் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்து வடிந்த பிறகு சமையலறையைத் திறந்தோம். துவரம்பருப்பு ஊறிப் பெருத்து எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் தூக்கி நின்றது. கிலோ 200 ரூபாயைத் தொட்டிருந்த காலம் அது. இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கியிருந்தோம். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தெருவில் பலர் இப்போது வாரத்துக்கு மட்டும்தான் சாமான் வாங்குகிறார்கள்.

2023-24 குடும்பச் செலவு ஆய்வின்படி, நகரத்து இந்தியர் செலவழிக்கும் நூறு ரூபாயில் ஏறக்குறைய 40 ரூபாய் உணவுக்குப் போகிறது. கிராமத்தில் 47. அந்த உணவுச் செலவிலும் வகைவாரியாகப் பெரிய பங்கு பானங்களுக்கும் பதப்படுத்திய உணவுக்கும்தான். பொட்டலத்தில் வரும்போது அளவைக் கண்ணால் எடைபோடவே முடியாத பொருட்கள் இவை. ஆனால் ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அது கிலோ விலை, லிட்டர் விலை, மறைக்க ஒன்றுமில்லை. கார்டு இருந்தும் கௌரவம் பார்த்து அந்த ஒரு கிலோ பருப்பை விட்டுவிடுபவர்கள் என் அடுக்ககத்திலும் இருக்கிறார்கள். வரிசையில் நிற்பதில் ஒரு குறையும் இல்லை என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் 1998லேயே ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. பொட்டலம் எந்த அளவாக இருந்தாலும் பொதுவாகக் கிலோ விலை அல்லது லிட்டர் விலையைக் கடைக்காரர் காட்ட வேண்டும். பாரிஸில் இருக்கும் நம் உறவினர்கள் அரிசிப் பையின் விலைக்குக் கீழே கிலோ விலையையும் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

இங்கேயும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அலகு விலை விதியில் ஒரு வரியை மாற்றினால் போதும்: எந்த அளவுப் பொட்டலமானாலும் கிலோவுக்கு, லிட்டருக்கு. எண்ணெய்க்கு மில்லி, கிராம் இரண்டில் ஒன்று மட்டும். எடையளவுச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. பெரிய கடைகளின் அடுக்கு விளிம்பில் இந்த விலையைத் தமிழில், கண்ணாடி போடாமலே தெரியும் அளவில் எழுதி ஒட்டச் சொல்லி அது இன்றைக்கே கேட்கத் தொடங்கலாம். எங்கள் தெரு அண்ணாச்சி கடை வாசலில் கரும்பலகை தொங்குகிறது. து.பருப்பு, உ.பருப்பு, ப.பருப்பு என்று எழுதி எதிரே கிலோ விலையைக் காலையில் சாக்பீஸால் மாற்றி எழுதிவிட்டுத்தான் அவர் முதல் பொட்டலம் மடிக்கிறார்.