சிறைக்கதவைச் சட்டம் திறக்கட்டும்

வன்முறை கலவாத குற்றங்களுக்குரிய தண்டனையை இயன்றவரை சிறைக்கு வெளியிலேயே நிறைவேற்ற வேண்டும் என்பது நோர்வே இடதுசாரிகளின் நெடுநாள் நிலைப்பாடு. சோசலிச இடதுசாரிக் கட்சி சிறைக்கு மாற்றான தண்டனைகளைப் பெருக்கக் கோருகிறது. போதைக்கு அடிமையானோரைக் காவல்துறை கைவிட்டு மருத்துவத்துறை ஏற்க வேண்டும் என்கிறது. சிறைகளில் இடமோ ஆளோ பற்றாமற் போகும் ஒவ்வொரு வேளையிலும் இக்கோரிக்கை எழுகிறது. குற்றவாளிக்கு இடங்கொடுக்கும் கொள்கை என்ற பழியும் உடன் எழுகிறது. அப்பழி தவறு. ஆயினும் நெருக்கடி முற்றியபின் கதவைத் திறப்பது நீதியாகிவிடாது. எவரைச் சிறைப்படுத்த வேண்டும், எவரைச் சிறைப்படுத்தலாகாது என்பதைச் சட்டம் முன்கூட்டியே வரையறுத்திருக்க வேண்டும்.

நோர்வேயில் சிறை நெருக்கடி நம் தாயகமான இலங்கையில் காண்பதுபோல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓர் அறைக்கு ஒருவர் என்பது இங்கு நிலைபெற்ற நெறி. ஆகவே இடம் போதாதபோது, தீர்ப்புப் பெற்றவர் தம் முறை வரும்வரை வீட்டில் காத்திருக்கிறார். 2005 ஆம் ஆண்டு தொழிற்கட்சியும் சோசலிச இடதுசாரிக் கட்சியும் மத்திய கட்சியும் கூட்டாக ஆட்சியேற்ற காலத்தில் இவ்வாறு காத்திருந்த தண்டனைகள் 2,500க்கும் மேல். அந்த இடைக்காலம் கொடியது. வேலையை விடுவதா, படிப்பைத் தொடர்வதா, பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று அறியாமல் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் தவிக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கோ, தமக்குக் கிடைத்த நீதி தாளோடு நின்றுவிட்டது என்ற மனக்கசப்பு.

தேவையற்ற சிறைவாசத்தைக் குறைக்க முயன்ற மரபு இந்நாட்டில் ஆழ வேரோடியது. 1900 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வீடின்றி அலைந்து குடியில் வீழ்ந்த வறியவர்களைத் தெருவிலிருந்து பிடித்துக் கட்டாய வேலைக்கு அனுப்ப இடமளித்தது. எவரையும் அடிக்காத, எதையும் பறிக்காத அம்மனிதர்கள் தென்மேற்கே ஒப்ஸ்தாத் கட்டாய வேலை நிலையத்தில் அடைக்கப்பட்டார்கள்; வெளியே வந்ததும் மீண்டும் பிடிக்கப்பட்டு, மீண்டும் அடைக்கப்பட்டார்கள். 1968 இல் தோன்றிய குறோம் என்னும் தண்டனைச் சீர்திருத்த அமைப்பும், தோமஸ் மாத்தீசன், நில்ஸ் கிறிஸ்தி முதலிய அறிஞர்களும் சிறை என்னும் அமைப்பையே கேள்விக்கு உட்படுத்தினர். 1970 இல் அக்கட்டாய வேலைத் தண்டனை ஒழிந்தது. அதனால் நோர்வேயின் தெருக்கள் பாதுகாப்பு இழந்துவிடவில்லை.

அடுத்து வந்தவர் நீதியமைச்சர் இங்கர் லூயிசே வல்லே. 1978 இல் அவர் நாடாளுமன்றத்தின் முன்வைத்த குற்றவியற் கொள்கை அறிக்கை, ஆயுள் தண்டனையை நீக்கவும் சிறையின் பயன்பாட்டைக் குறைக்கவும் வழிகாட்டியது. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. 1979 இல் அவர் நீதியமைச்சை இழந்தார். ஆனால் 1981 இல் ஆயுள் தண்டனை சட்டத்திலிருந்து நீங்கிவிட்டது. பதவியைக் காக்க அவர் மௌனம் காத்திருக்கலாம், காக்கவில்லை. இன்றைய அரசியலாளரிடம் நாம் எதிர்பார்ப்பதும் அந்த நெஞ்சுரத்தையே.

2005 இன் கூட்டரசு காத்திருப்பு வரிசையைக் குறைத்த முறை கருதத்தக்கது. புதிய சிறையிடங்களை உருவாக்கியதோடு நில்லாமல், 2008 இல் ஆறு மாவட்டங்களில், காலில் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை அணிந்து வீட்டிலிருந்தே தண்டனையைக் கழிக்கும் முறையைத் தொடங்கியது. தொடக்கத்தில் நான்கு மாதம்வரையான தண்டனைகளுக்கு உரியதாயிருந்த அம்முறை 2014 இல் நாடெங்கும் பரவியது. பின்னர் அந்த வரம்பு ஆறு மாதமாக உயர்ந்தது. இதைச் சலுகை என்போர் அதன் விதிகளை அறியாதவர்கள். குடியிருக்க இடமும் செய்வதற்கு வேலையோ படிப்போ வேண்டும், மது கூடாது, குறித்த நேரத்தில் வீட்டிலிருக்க வேண்டும், அதிகாரிகள் சொல்லாமல் வருவார்கள். அவ்வாறு தண்டனை கழித்தோர் மீண்டும் குற்றத்தில் வீழ்வது குறைந்ததை நோர்வேயின் புள்ளிவிவர ஆய்வுகள் காட்டியுள்ளன.

வரிசை மீண்டும் நீண்டபோது வலதுசாரி அரசு வேறுவழி நாடியது. 2015 முதல் 2018 வரை நெதர்லாந்தின் நோர்கர்ஹாவன் சிறையை வாடகைக்கு எடுத்து, 242 இடங்களுக்கு நோர்வேக் கைதிகளை அனுப்பியது. வரிசை சுருங்கியது மெய்தான். ஆனால் தந்தையைக் காணக் கடல் கடந்து போகவேண்டிய பிள்ளைக்கு அந்தத் தண்டனையை எந்த நீதிமன்றம் விதித்தது?

நேர்மையான வாசகர் ஒரு மறுப்பை எழுப்பலாம். நோர்வேச் சிறைகள் குற்றத்தைக் குறைக்கின்றன, குறிப்பாக முன்பு வேலையின்றி இருந்தோரிடத்தில் நற்பயன் விளைக்கின்றன என்று 2020 இல் வெளிவந்த பொருளியல் ஆய்வொன்று நிறுவியுள்ளது. அதை நாம் மறுக்கவில்லை. அப்பயன் சிறையின் சுவரால் விளையவில்லை. உள்ளே கிடைக்கும் கல்வியாலும் தொழிற்பயிற்சியாலும் விளைந்தது. அவற்றைத் தர ஆள் வேண்டும். ஆள் பற்றாதபோது நேர்வதையும் கண்டோம். நமக்கு அண்மையில், ஒஸ்லோவின் குறூருட் பள்ளத்தாக்கிலுள்ள பிறெட்வைட் பெண்கள் சிறையின் நிலையை 2023 பெப்ரவரியில் நாடாளுமன்றத்தின் குறைகேள் அதிகாரி தனி அறிக்கையாகவே முன்வைக்க நேர்ந்தது. அங்குள்ள பெண்களின் உயிருக்கே ஆபத்து என எச்சரித்தது அவ்வறிக்கை. சிறு குற்றத்துக்காக ஒருவரை உள்ளே வைப்பதற்குச் செலவாகும் ஊழியரின் ஒவ்வொரு மணிநேரமும், தன்னுயிரை மாய்க்கத் துணியும் ஒரு பெண்ணின் அருகில் இருக்கவேண்டிய நேரம்.

இடதுசாரிகளிடமும் ஒன்று கூறவேண்டும். வன்முறையற்ற குற்றம் எல்லாம் சிறு குற்றம் ஆகாது. முதியவரின் சேமிப்பை வஞ்சித்துக் கவர்ந்தவன் கைநீட்டி அடிக்கவில்லை; ஆனால் ஒரு வாழ்நாளின் உழைப்பை அழித்தான். மனைவியை அச்சுறுத்தலாலேயே அடக்கி வைப்பவனும் அவ்வாறே. ஆகவே குற்றத்தின் பெயரை மட்டும் பார்த்து வகுக்காது, விளைந்த தீங்கையும் மேலும் தீங்கு விளையும் வாய்ப்பையும் எடைபோட்டுப் பிரிக்க வேண்டும். அவ்வாறு பிரிக்கும் முயற்சியாக, போதைப்பொருள் பயன்படுத்துவோரைத் தண்டிக்காதிருக்க 2021 இல் வலதுசாரி அரசே கொண்டுவந்த சீர்திருத்தத்தைச் சோசலிச இடதுசாரிக் கட்சி ஆதரித்தது. தொழிற்கட்சியும் மத்திய கட்சியும் முன்னேற்றக் கட்சியும் தடுத்துவிட்டன. மறு ஆண்டே நோர்வேயின் உச்ச நீதிமன்றம், தம் சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு வைத்திருக்கும் கடும் போதை நோயாளருக்குத் தண்டனை வேண்டாம் என்ற வழியைத் திறந்தது. நாடாளுமன்றம் தயங்கியதை நீதிமன்றம் செய்தது.

சட்டத்துக்குப் பதில் கருணை ஆளும்போது நேர்வதை இலங்கையில் பார்க்கிறோம். கொள்ளளவின் இருமடங்குக்கும் மேற்பட்டோர் அங்குள்ள சிறைகளில் நெருக்குண்டு கிடக்கிறார்கள்; அவர்களிற் பெரும்பாலோர் தீர்ப்பே பெறாத விளக்கமறியற் கைதிகள்; தண்டப்பணம் கட்ட வழியற்ற ஏழைகளும் பலர். 2020 நவம்பரில் மகர சிறையில் கொரோனா அச்சத்தால் கலவரம் மூண்டு 11 கைதிகள் மாண்டனர். 2021 ஜூனில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் வாடிய 16 தமிழர் விடுவிக்கப்பட்ட அதே நாளில், கொலைக்குத் தண்டிக்கப்பட்ட முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவும் ஜனாதிபதியின் மன்னிப்புப் பெற்று வெளியேறினார்; அம்மன்னிப்பை 2024 இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. இடதுசாரி அரசொன்று பதவியேற்ற பின்னரும், 2025 வெசாக் மன்னிப்பைப் பயன்படுத்தி, ஜனாதிபதியின் பட்டியலில் இல்லாத நிதி மோசடிக் கைதி ஒருவர் அனுராதபுரத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். அதன் விசாரணையில் சிறைத்துறைத் தலைவரே கைதானார். ஏழைக்குக் கதவைத் திறப்பதாகச் சொல்லிச் செல்வாக்குள்ளவனை வெளியே விடும் வழி இது.

ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில் வாழும் நம் தமிழருக்கு ஒரு வேண்டுகோள். விடுதலையாகும் மனிதர் திரும்பி வருவது நம் நகரசபையின் எல்லைக்குள்தான். அவருக்கு வீடு, வேலை, சிகிச்சை கிடைக்கச் செய்வதில் நகரசபைக்கும் பொறுப்பு உண்டு. அதற்கு நிதி ஒதுக்கும் வேட்பாளர் எவர் என்று கேட்டு வாக்களியுங்கள். செஞ்சிலுவைச் சங்கம் சிறைக்குச் சென்று கைதிகளைச் சந்திக்கத் தொண்டர்களை ஏற்கிறது. நம் இளைஞர் அதில் சேரட்டும். நம் குடும்பங்களிலும் சிறை சென்றோர் உண்டு. அவர்கள் பெயரை வீட்டிலேயே உச்சரிக்காது மறைக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.