என் வீட்டு இணைப்பு, யாருடைய பாஸ்வேர்டு?

"பாஸ்வேர்டெல்லாம் கஸ்டமருக்குக் கொடுக்கறதில்லீங்க தம்பி."

போன வருடத்திலிருந்து இந்த ஒரே வரியை ஐந்து பேரிடம் கேட்டுவிட்டேன். மூன்று பேர் போனில், இரண்டு பேர் நேரில். யாரும் கோபமாகச் சொல்லவில்லை. நம் பக்கத்து ஆட்களுக்கே உரிய மரியாதையோடு 'ங்க' போட்டுத்தான் சொன்னார்கள். இணைப்பு அப்பா பெயரில் இருக்கிறது. மாதாமாதம் பணம் கட்டுவது நாங்கள். ரூட்டர் நான் காசு கொடுத்து வாங்கியது. பாஸ்வேர்டு மட்டும் எங்களுக்குத் தெரியக்கூடாதாம். என்ன நியாயம் இது?

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டில் எங்களுடையது நீளமான வீடு. முன்னால் கூடம், நடுவில் சமையலறை, பின்னால் ஓர் அறை, அதை ஒட்டித் தறிப்பட்டறை. ஃபைபர் இழுக்க வந்த அண்ணன் வாசல் ஜன்னல் வழியாக ஒயரை விட்டு, ஜன்னலுக்குப் பக்கத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். கம்பெனி கொடுத்த பெட்டி, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். பின்னறையில் சிக்னல் ஒரு கோடு வந்தால் அதிசயம். அக்கா டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிறாள். ஆன்லைன் வகுப்பு, மாதிரித் தேர்வு எல்லாமே கூடத்தில்தான், நூல் கணக்குப் பேச அப்பாவைத் தேடி வருகிறவர்களுக்கு நடுவே உட்கார்ந்து. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் 1,900 ரூபாய்க்கு ஒரு ரூட்டர் வாங்கிவந்தேன். பெட்டியிலிருந்து சமையலறைச் சுவர் வரை லேன் கேபிள் இழுத்து, ரூட்டரை வீட்டின் நடுவில் வைப்பது திட்டம்.

"அப்படியே சொருகினால் வேலை செய்யுமே?" என்பீர்கள். செய்தது. ஆனால் இணையத்தோடு பேசுவது இன்னமும் பழைய பெட்டிதான். புதியது அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. முகவரி மாற்றும் வேலையை இரண்டும் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்கும். பழைய பெட்டி சாயந்திரமானால் திணறி உறைந்துவிடும். அது உறைந்தால் என் 1,900 ரூபாயும் கூடவே உறையும். அதற்குள் போய் என்ன கோளாறு என்று பார்க்கலாமென்றால் அதன் அட்மின் பாஸ்வேர்டும் நம்மிடம் கிடையாது.

சரியான வழி பிரிட்ஜ் மோடு. அதாவது பெட்டி, கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றுகிற வேலையோடு நின்றுகொள்ளும். டயல் செய்வது, வைஃபை கொடுப்பது, முகவரி பிரிப்பது எல்லாம் நம் ரூட்டர் பார்த்துக்கொள்ளும். எங்களுடையது போல பிபிபிஓஇ முறையில் ஓடும் இணைப்புக்கு மூன்று விவரங்கள் போதும்: யூசர் ஐடி, பாஸ்வேர்டு, வி-லேன் எண். சில இடங்களில் பழைய பெட்டியின் மேக் முகவரியோடு இணைப்பைக் கட்டிவைத்திருப்பார்கள். அதற்கும் ரூட்டரிலேயே 'மேக் குளோன்' என்று ஒரு வசதி உண்டு. கம்பெனி பக்கம் எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் அலைந்தது நான்கு மாதம்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணனே வந்தார். பெட்டியை பிரிட்ஜில் போட்டார். வி-லேன் எண்ணை ஏதோ பெண் பார்த்த சமாச்சாரம் மாதிரி காதோடு சொன்னார். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க தம்பி" என்று சொல்லி, ஏடிஎம்மில் செய்கிற மாதிரி ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினார். என் லேப்டாப்பில், என் வீட்டில்! நானும் திரும்பி நின்றேன், வேறென்ன செய்ய?

ஆறு வாரம் அற்புதமாக ஓடியது. பிறகு ஒரு நாள் கரண்ட் போய் வந்த நேரத்தில், நெட் வரவில்லையென்று சித்தப்பா பையன் ரூட்டரின் பின்னால் இருந்த சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்திவிட்டான். ரீசெட். எல்லாம் அழிந்தது. பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான்கு நாள் இணையம் இல்லை. அக்காவின் இரண்டு மாதிரித் தேர்வுகள் போயின. அந்த அண்ணன் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர் செய்தது உதவி. நான் கேட்பது என்னவென்றால், இது ஏன் ஒருவருடைய உதவியாக இருக்க வேண்டும்? அவரைத் தெரியாத வீட்டுக்காரர் யாரிடம் போவார்?

இதே நாட்டில் இது ரகசியமாக இல்லாத காலம் ஒன்று இருந்தது. பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் 'டேட்டாஒன்' என்று பிராட்பேண்டைத் தொடங்கியது. மோடத்தை வாடகைக்கும் எடுக்கலாம், கடையில் நாமே வாங்கியும் வைக்கலாம். விபிஐ 0, விசிஐ 35 என்ற இரண்டு எண்களும் அந்தக் காலத்தில் மோடம் மாட்டிய எல்லோருக்கும் மனப்பாடம். ஏர்டெல் என்றால் 1, 32. இந்த எண்கள் ஊருக்கே தெரிந்ததால் எந்தத் தொலைபேசி நிலையமும் இடிந்து விழவில்லை. இன்றைக்கும் பிஎஸ்என்எல் ஃபைபரில் சிரோடெக், நெட்லிங்க் என்று வெளியில் ஓ.என்.டி. பெட்டி வாங்கி, அதன் சீரியல் எண்ணைப் பதிவு செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, முடியாது என்பது பொய். மனசில்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

"பாதுகாப்புக்காகத்தான்" என்பது அடுத்த பதில். இதைக் கேட்டால் சிரிப்புதான் வருகிறது. 2016 நவம்பர் கடைசியில் ஜெர்மனியின் டாய்ச் டெலிகாமில் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு தடுமாறியது. தொலைவிலிருந்து ரூட்டர்களைப் பராமரிப்பதற்காக வைத்திருந்த வாசல் வழியாகத்தான் அந்தத் தாக்குதல் வந்தது. இங்கே 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. காரணம், எல்லாவற்றிலும் மாற்றப்படாமல் கிடந்த ஒரே 'அட்மின்' பாஸ்வேர்டு. தயவுசெய்து பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்களிடமே சொல்ல வேண்டி வந்தது. 2023 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் இணைப்பில் இருந்த 6 லட்சம் ரூட்டர்கள் சில நாட்களில் செத்துப்போயின. ஊர் முழுக்க ஒரே பெட்டி, ஒரே பூட்டு என்றால் திருடனுக்கு ஒரு சாவி போதும். இது தெரிய கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டியதில்லை.

அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஃபைபரில் ஒரே இழையைப் பல வீடுகள் பங்குபோட்டுக் கொள்கின்றன. ஒவ்வொரு ஓ.என்.டி.யும் தனக்குக் கொடுத்த நேரத்தில் மட்டும்தான் ஒளி அனுப்ப வேண்டும். ஒரு கெட்ட பெட்டி கண்ட நேரத்தில் ஒளியடித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இணைப்பு போகும். இது உண்மை. சரி, அந்தப் பெட்டி உங்களுடையதாகவே இருக்கட்டும், நீங்களே பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் லேன் கேபிளில் தொங்கும் என் ரூட்டர் உங்கள் ஒளியை என்ன செய்துவிடும்? மின்வாரியத்துக்காரர் மீட்டருக்கு சீல் வைக்கிறார். வைக்கட்டும். வீட்டுக்குள் கிராம்ப்டன் ஃபேனா உஷா ஃபேனா என்று அவர் கேட்பதில்லையே! (கேட்டால் எங்கள் தெருவில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள் :-))

இந்த வாதம் புதிதும் அல்ல. வயர்லெஸ் கருவியைத் தொலைபேசியோடு இணைக்கும் கார்ட்டர்ஃபோன் என்ற சாதனத்தை அமெரிக்காவில் தாமஸ் கார்ட்டர் என்பவர் விற்றார். வெளிச் சாதனம் நெட்வொர்க்கைக் கெடுக்கும் என்று ஏ.டி.&டி. நிறுவனம் தடுத்தது. 1968-இல் அந்நாட்டு எஃப்.சி.சி., நெட்வொர்க்குக்குத் தீங்கு செய்யாத சாதனத்தைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பின்னால் கடையில் வாங்கிய மோடத்தை வீட்டு போன் லைனில் மாட்ட முடிந்தது அந்த வழி திறந்ததால்தான். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் ரூட்டரைத் தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளரின் சட்ட உரிமை. இணைப்புக்குத் தேவையான விவரங்களை நிறுவனம் கேட்காமலே கொடுக்க வேண்டும்.

நம் ஊரிலும் எழுதி வைத்தால் நடக்கும். மொபைல் எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாறலாம் என்று சொன்னபோது, அது தொழில்நுட்பத்தில் சிக்கல், செலவு என்று எத்தனை முனகல்! 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க வந்தது. இன்றைக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸில் தொடங்குகிற காரியம்.

உண்மையான காரணம் எனக்குப் புரிகிறது. இணைப்பு மாறினால் பெட்டியும் மாற வேண்டும், வைஃபை பெயர் மாறும், வீட்டிலுள்ள டிவி, கேமரா, போன் எல்லாவற்றிலும் மறுபடி பாஸ்வேர்டு போட வேண்டும். அந்த அலுப்புக்குப் பயந்தே பாதிப் பேர் மாற மாட்டார்கள். நம் ரூட்டர் நம்மிடமே இருந்தால் பின்னால் இருக்கும் ஒயரை மட்டும் மாற்றி, மூன்று விவரங்களைப் புதிதாகப் போட்டால் முடிந்தது. அதுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பரணில் ஏற்கெனவே இரண்டு பழைய பெட்டிகள் கிடக்கின்றன. இரண்டும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன, வேறு எந்தக் கம்பெனிக்கும் ஆகாது.

டிராய் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. முதல் பில்லிலேயே யூசர் ஐடி, பாஸ்வேர்டு, வி-லேன் எண், வாய்ஸ் லைன் இருந்தால் அதன் செட்டிங்கையும் அச்சடித்துக் கொடு. வாடிக்கையாளர் கேட்டால் பிரிட்ஜ் மோடில் போட்டுக் கொடு. கொடுக்காவிட்டால் அபராதம் கட்டு. இதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

அதுவரை நான் சும்மா இருக்கப் போவதில்லை. புகார் எண் கேட்டு வாங்கியாயிற்று. "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ்ஸும் வந்துவிட்டது, பாஸ்வேர்டுதான் வரவில்லை. அடுத்து அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அப்பா பெயரில் தமிழிலேயே கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா படித்துப் பார்த்துவிட்டு, "பாஸ்வேர்டு கேக்கறதுக்கு ரெண்டு பக்கமா கண்ணு?" என்றார். ஒரு பக்கமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.