பதினாலாம் பக்கம் மாறினால்

மல்லிகையின் அறுபதுகளின் இதழ் ஒன்றை எண்ணிம வடிவுக்குக் கொண்டுவருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய இதழ் அது. நூலகம் எண்ணிம நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வருவதால், இப்படியான வேலை எமது இளைஞர் பலருக்குப் புதிதல்ல. பக்கங்களை ஸ்கான் செய்ய வேண்டும். படங்களை நேராக்கிக் கறை நீக்க வேண்டும். எழுத்துணரி படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு படங்கள் சேர்ந்து ஒரு பிடிஎஃப் ஆகும், எழுத்துகள் சேர்ந்து தேடலுக்கான சுட்டி ஆகும். எல்லாம் முடிந்த பிறகுதான் பதினாலாம் பக்கத்தின் மூலை மடிந்திருந்தது கண்ணில் படுகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப ஸ்கான் செய்கிறோம். இனி எந்தெந்த வேலையை மறுபடி செய்ய வேண்டும்?

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தால் முடிவு சரியாக வரும், ஆனால் நேரம் போய்விடும். தேவையானதை மட்டும் கையால் செய்தால் நேரம் மிஞ்சும், ஆனால் பிடிஎஃப்பைப் புதுப்பித்துவிட்டுச் சுட்டியை மறந்துவிடுவோம். மென்பொருள் எழுதுபவர்களுக்கும் நாள்தோறும் இதே கேள்விதான். ஆயிரம் மூலக் கோப்புகளில் ஒன்று மாறினால் எதை மறுபடி தொகுப்பது? அதற்கு விடை சொல்வதுதான் கட்டமைப்பு முறைமையின் வேலை. நிரலில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட எமது குழுக்கள் இதில் காட்டுவதில்லை என்பது என் கவலை. யாரோ ஒருவர் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கும். அவர் கொழும்புக்கோ கனடாவுக்கோ போன பிறகு, அதைத் தொட எவருக்கும் துணிவு வராது.

இந்தத் துறையின் மூத்த கருவி மேக். பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976 இல் எழுதினார். எந்தக் கோப்பு எந்தக் கோப்பில் தங்கியிருக்கிறது, அதை உருவாக்கும் கட்டளை எது என்று விதிகளாக எழுதிக் கொடுத்தால் போதும். மூலம் விளைவைவிடப் பிந்திய நேரத்தைக் காட்டினால், விளைவை மேக் மறுபடி உருவாக்கும். எளிமையான, அழகான எண்ணம் இது. இன்றும் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கட்டளை வரிகள் டாப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும், வெற்றிடம் இட்டால் பிழை. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழையில் மாட்டாத மாணவர் இல்லை. அது தவறு என்று ஃபெல்ட்மனுக்கு விரைவிலேயே புரிந்தது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், அவர்களைக் குழப்ப அவர் விரும்பவில்லை.

டாப் சிறிய தொல்லைதான். பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை தொடங்குமுன்பே எது எதில் தங்கியிருக்கிறது என்பதெல்லாம் மேக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். உண்மையில் பல விடயங்கள் வேலையின் நடுவிலேதான் தெரியவரும்.

எமது இதழையே பாருங்கள். 1978 இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் அச்சான பக்கங்களில் ணா, றா, னா ஆகியவையும் லை, னை போன்றவையும் பழைய வடிவிலேயே இருக்கும். புதிய வடிவுக்குப் பழக்கிய எழுத்துணரி அவற்றில் தடுமாறும். ஆகவே பழைய இதழுக்கு ஒரு பயிற்சித் தரவு, புதிய இதழுக்கு இன்னொன்று. எதைப் பயன்படுத்துவது என்பது இதழின் விவரக் கோப்பைத் திறந்து ஆண்டைப் பார்த்த பிறகுதான் தெரியும். முதலில் விவரக் கோப்பு வேண்டும், அதை வாசித்த பின் அது சுட்டும் பயிற்சித் தரவு வேண்டும். இரண்டாவது தேவை முதலாவதன் உள்ளடக்கத்திலிருந்து பிறக்கிறது. மேக்கில் இதைச் செய்யவே முடியாது என்றில்லை. ஆனால் விதிகளைக் கொண்ட மேக்ஃபைலே இன்னொரு மேக்ஃபைலை எழுதி, பிறகு தன்னைத் தானே மறுபடி தொடங்க வேண்டிவரும். மூன்று மாதம் கழித்து அதைப் படிப்பவர் பாவம்.

இந்த இடத்துக்காகவே பிறந்ததுபோல அமைந்தது ஷேக். ஹஸ்கெல் என்ற சார்பு நிரல்மொழியில் எழுதப்பட்ட நூலகம் அது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியில் பணியாற்றியபோது நீல் மிட்செல் இதை உருவாக்கினார். 2012 இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். ஷேக்கில் ஒரு விதி என்பது சாதாரண நிரல்தான். 'நீட்' என்று ஒரு கோப்பைக் கேட்கலாம். அது தயாரானதும் திறந்து வாசிக்கலாம். வாசித்ததை வைத்து அடுத்த 'நீட்' எது என்று முடிவு செய்யலாம். எந்த விதி எதையெல்லாம் கேட்டது என்பதை ஷேக் தனது தரவுத்தளத்தில் எழுதி வைக்கும். அடுத்த முறை அந்தப் பதிவைப் பார்த்து மாறியதை மட்டும் செய்யும். விவரக் கோப்பில் ஆண்டைத் திருத்தினால், அந்த இதழ் வேறொரு பயிற்சித் தரவில் தங்கியிருக்கிறது என்பதைத் தானாகவே கண்டுகொள்ளும்.

இதில் சார்பு நிரலாக்கம் எங்கே வருகிறது? உயர்தரக் கணிதத்தில் படித்த சார்புதான் இது. உள்ளீடு ஒன்றானால் வெளியீடும் ஒன்றுதான். கட்டமைப்பு வேலையிலும் நாம் எதிர்பார்ப்பது அதுவே: அதே மூலங்கள், அதே கருவிகள் என்றால் அதே விளைவு. இன்னொரு வசதி, விதிகளையே சார்பின் விளைவாகப் பெறலாம். இதழின் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய விதிகள் அனைத்தையும் தரும் ஒரு சார்பை எழுதிவிட்டால், இதழ் ஒன்றானாலும் முந்நூறானாலும் அது ஒன்றே போதும். வெட்டி ஒட்டும் வேலை இல்லை.

கருவி மாறுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். டெசரக்ட் எழுத்துணரியின் நான்காம் பதிப்பு 2018 இல் வந்தபோது, நரம்பு வலையமைப்பு முறைக்கு மாறியது. அதற்குமுன் பிரித்தெடுத்த எழுத்துகளைத் திரும்ப எடுப்பது பயன் தரும். ஆனால் பக்கப் படம் எதுவும் மாறவில்லையே. நேரத்தை மட்டும் பார்க்கும் மேக் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இருந்துவிடும். ஷேக்கில் கருவியின் பதிப்பு எண்ணையும் ஒரு தேவையாகப் பதியலாம். எண் மாறினால், அதில் தங்கிய எல்லா எழுத்துக் கோப்புகளும் மறுபடி உருவாகும். கோப்பின் நேரத்துக்குப் பதிலாக உள்ளடக்கத்தை ஒப்பிடும்படியும் அமைக்கலாம். பதினாலாம் பக்கத்தைத் திரும்ப ஸ்கான் செய்தும் அதிலிருந்து கிடைத்த எழுத்து முன்போலவே இருந்தால், பிடிஎஃப் மட்டும் புதிதாகும், சுட்டியை ஷேக் தொடவே மாட்டாது.

மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனதை நாம் மறக்கவில்லை. ஒரு கோப்பு பாதி எழுதப்பட்ட நிலையில் கணினி நின்றால், அந்தப் பாதிக் கோப்புக்கும் புதிய நேரம் இருக்கும். மின்சாரம் வந்த பிறகு மேக் அதை முடிந்த வேலை என்று நம்பக்கூடும். ஷேக் ஒரு விதி முழுதாக முடிந்த பிறகே பதிவு செய்கிறது. பதிவு இல்லாததை, அல்லது பதிவோடு பொருந்தாததை, மறுபடி செய்யும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 'நீட்' என்று கேட்காமல் ஒரு கோப்பை நேரடியாக வாசித்தால், ஷேக்குக்கு அது தெரியவராது. மொழியின் வகைச் சோதனையும் காப்பாற்றாது. இத்தகைய தவறுகளைத் தேடிப் பிடிக்கும் சோதனை வசதி நூலகத்தில் உண்டு, அதை இயக்கிப் பார்ப்பது எம் பொறுப்பு. ஹஸ்கெல் தொகுப்பியும் சிறியதல்ல, ஜிகாபைற் கணக்கில் இறக்க வேண்டும். குழுவில் ஒருவருக்குமே ஹஸ்கெல் தெரியாவிட்டால், பழைய ஸ்கிரிப்டின் கதைதான் திரும்பவும் நடக்கும். இணையத்தளம் ஒன்றைச் செய்பவருக்கு அந்தச் சூழலின் சொந்தக் கருவிகளே போதும். பத்துக் கோப்புகள் கொண்ட சிறு வேலைக்கு மேக்கே மேல்.

ஆனால் இந்தச் சிந்தனை எல்லோருக்கும் பயன்படும். 2018 இல் ஆந்திரே மோகோவ், நீல் மிட்செல், சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை மேக், ஷேக், கூகிளின் பேசல் ஆகியவற்றோடு எக்செலையும் ஒரே தட்டில் வைத்து ஆராய்ந்தது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றியதும் அதில் தங்கிய கட்டங்கள் மட்டும் மறுபடி கணிக்கப்படுகின்றனவே, அதுவும் கட்டமைப்பு முறைமைதான். பெரிய அளவில் ஷேக் தாங்குமா என்று ஐயப்படுபவர்கள் ஹஸ்கெலின் முதன்மைத் தொகுப்பியான ஜிஎச்சியைப் பார்க்கலாம். நீண்ட காலம் மேக்கில் கட்டப்பட்டு வந்த அது, இன்று ஷேக்கின்மேல் எழுதிய ஹாட்ரியனால் கட்டப்படுகிறது.

எமது பல்கலைக்கழகங்களின் கணினி விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுச் செயற்றிட்டங்களை, எதுவும் நிறுவாத கணினி ஒன்றில், ஒரே கட்டளையில் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு கோப்பைத் திருத்தச் சொல்லி, எது மறுபடி ஓடுகிறது, ஏன் என்று கேளுங்கள். மேக்கோ ஷேக்கோ, கருவியை மாணவரே தெரிவு செய்யட்டும். அந்த விளக்கத்துக்கும் புள்ளி வழங்குங்கள்.