கடற்கரை யாருக்கு?

பாரிசவாதத்தில் விழுந்து எழுந்த மனிதனுக்கு நம் ஊர் வழங்கும் தீர்ப்பு ஒன்றுண்டு: “இனி வீட்டோடு இருக்கட்டும்.” வைத்தியசாலையிலிருந்து அவன் திரும்பிய அன்றே அத்தீர்ப்பு நடைமுறைக்கு வந்துவிடுகிறது. பின்னறையில் ஒரு கட்டில். தலைமாட்டில் மருந்துப் பை. பாதி சாத்திய யன்னல். “வாப்பா, வெளிய போகாதீங்க, விழுந்திருவீங்க” என்று மகள் அன்போடு தடுக்கிறாள். கிழக்கே கூப்பிடு தூரத்தில் வங்கக் கடல். மேற்கே கரைவாகு வயல்வெளி. கரைவலை இழுத்துக் கைகள் காய்த்தவனும், மருதமுனைத் தறியில் வாழ்நாளைக் கழித்தவனும் இவ்விரண்டையும் காணாமலே எஞ்சிய நாட்களை எண்ணுகின்றனர். இது பராமரிப்பா, ஆயுள் தண்டனையா?

நோய் செய்வது எது, நாம் செய்வது எது என்பதை முதலில் பிரித்தறிவோம். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது. அதனால் மூளையின் ஒரு பகுதி அழிகிறது. கையும் காலும் தளர்கின்றன. இடப்பக்க மூளை தாக்குண்டால் பெரும்பாலும் பேச்சும் குழறுகிறது. இவ்வளவும் நோயின் வேலை. அழிந்த நரம்பணு மீண்டும் முளைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் உயிரோடிருக்கும் பகுதிகள், இடைவிடாத பயிற்சியினால், அழிந்தவற்றின் வேலையை ஏற்கக் கற்றுக்கொள்கின்றன என்பதும் உண்மை. முதல் மூன்று மாதங்களில் இம்மீட்சி விரைவாக நிகழ்கிறது. அதன் பின்னரும் அது நின்றுபோவதில்லை. அந்தப் பொன்னான மாதங்களில்தான் நாம் அவனைக் கட்டிலோடு கட்டிவைக்கின்றோம்! பாரிசவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவரை மனச்சோர்வும் பற்றுகிறது. நான்கு சுவர்களையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அச்சோர்வு வராதிருந்தால் அல்லவா வியப்பு!

இத்துடன் செவியும் மந்தமானால் கொடுமை இரட்டிப்பாகிறது. உட்காதுக்கு இரத்தம் ஊட்டும் நுண்குழாய், மூளைக்குச் செல்லும் குழாயொன்றின் கிளையே. அவ்விடத்தில் அடைப்பு நேர்ந்தால் வாதத்தோடு கேள்வியும் போகக்கூடும். மற்றும் பலருக்கு முதுமையாலோ, இயந்திரப் படகினதும் அரிசி ஆலையினதும் ஓயாத இரைச்சலாலோ முன்னரே செவி பழுதுபட்டிருக்கும். கேட்ட கேள்வி காதில் விழாமையால் அவன் பதிலிறுப்பதில்லை. விழுந்தாலும் நா எழுவதில்லை. உடனே ஊர் தீர்மானித்துவிடுகிறது: “மூளை கலங்கிவிட்டது.” அதன் பின் அவன் முன்னிலையிலேயே அவனைப் பற்றிப் பேசுகின்றனர், அவன் காணியை விற்பது பற்றியும் பேசுகின்றனர். அறிவு தெளிவாக உள்ள ஒருவனை உயிரோடு பிணமாக்கும் வித்தை இது. 43 கோடி மக்களுக்குச் செவிப்புலன் சார்ந்த மறுவாழ்வுச் சேவை தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. அத்தனை பேரும் அறிவிழந்தவர்களா?

இங்கே ஒரு மனிதரை நினைவுகூர்வோம். நாவலப்பிட்டியில் பிறந்தவர்; நம் கொட்டகைகளில் சீழ்க்கையொலி எழுப்பியவர். 1967 ஜனவரி 12ஆம் நாள் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். அவருடைய இடக்காதின் கேள்வி பழுதுபட்டது, குரலும் மாறியது. 1984 ஒக்டோபரில் சிறுநீரக நோயோடு பாரிசவாதமும் அவரைத் தாக்கியது. புரூக்லின் வைத்தியசாலையில் படுத்திருந்தபடியே அவ்வாண்டுத் தேர்தலில் வென்றார். 1985 பெப்ரவரியில் திரும்பி மீண்டும் முதலமைச்சரானார். 1987 டிசம்பரில் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். பேச்சு பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. அவர் ஆட்சியைப் பற்றிய நம் கருத்து எதுவாயினும் ஆகுக. குழறிய அவர் சொல்லுக்காகக் காத்திருக்க அதிகாரிகள் இருந்தனர். மேடைக்கு முன்னே இலட்சம் மக்கள் பொறுமையோடு நின்றனர். “வீட்டோடு இருக்கட்டும்” என்று அவரிடம் சொல்லத் துணிந்தவர் யார்? முதலமைச்சருக்கு வந்ததும் மீனவனுக்கு வந்ததும் ஒரே நோய். வேறுபட்டது நோயன்று, காத்திருக்கச் சம்மதித்த சமுதாயமே.

“இதெல்லாம் நஸீபு” என்று சிலர் பெருமூச்சு விடுவர். நோய் நஸீபாக இருக்கலாம். வாசலில் கட்டிய நான்கு படிகளும் நஸீபா? நடைபாதையில் நிறுத்திய முச்சக்கர வண்டியும் நஸீபா? பின்னால் வரும் வாகனத்தின் ஒலி கேளாதவன் பிரதான வீதியில் எந்த ஓரமாக நடப்பான்? 2004 சுனாமிக்குப் பின் மாடிவீட்டில் குடியேற்றப்பட்டவன், கால் தளர்ந்த பிறகு கீழே இறங்குவது எவ்விதம்? இவையெல்லாம் மனிதர் வகுத்த திட்டங்கள், மனிதர் மாற்றக்கூடியவை.

சட்டம் இல்லாமலில்லை. அங்கவீனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் தடையின்றி நுழைவதற்கான விதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகள் சபையின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 30ஆம் உறுப்புரை ஓய்வையும் பொழுதுபோக்கையும் விளையாட்டையும் உரிமையாகவே கூறுகிறது. ஆகவே கடற்காற்று சலுகையன்று; உரிமை. கல்முனைப் பிரதேச செயலகத்தின் எல்லைக்காகவும் தரத்துக்காகவும் 2019இல் இங்கே உண்ணாவிரதமும் நடந்தது, எதிர்ப் போராட்டமும் நடந்தது. நன்று. எந்தச் செயலகமாயினும் அதன் வாசற்படியை ஏறமுடியாதவனுக்காக நாம் ஒரு வேளையேனும் பட்டினி கிடந்தோமா? வாதம் தமிழனையும் முஸ்லிமையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியவை எட்டாதவையல்ல. மணலில் சக்கர நாற்காலி புதையும். ஆகவே வீதியிலிருந்து ஈரமணல் வரை ஓர் உறுதியான பாதையும், நிழலில் சில இருக்கைகளும் வேண்டும். மாநகர சபையிடம் அதைக் கேட்போம். பள்ளிவாசல் நிருவாகமும் கோயில் நிருவாகமும் வாசலில் ஒரு சாய்தளம் அமைக்கட்டும். வைத்தியசாலையிலிருந்து அனுப்பும்போதே செவியையும் சோதித்து அனுப்பட்டும். கேட்டற்கருவி தேவைப்பட்டால் ஏழைக்கும் அது கிட்டட்டும். வைத்தியரின் ஆலோசனையோடு, துணையொருவரோடு, நாள்தோறும் சிறிது நடக்கட்டும். துணைக்குச் செல்பவர் நன்றாகக் கேட்கும் காதின் பக்கமாக நிற்பாராக. கத்துவதால் சொல் சிதையும். முகம் நோக்கி நிதானமாகப் பேசினால் அது சென்று சேரும். கடற்கரைக் காற்று கேட்டற்கருவியில் பேரிரைச்சலாக மோதும். அங்கே காற்றுக்கு முதுகு காட்டி அமர்ந்து பேசலாம். பேசாமலும் இருக்கலாம், விடியலில் கடலிலிருந்து எழும் கதிரவனைக் காணச் செவி தேவையில்லை.

இன்னொரு கைதியையும் மறந்துவிடலாகாது. நம் பகுதியில் வீடு பெரும்பாலும் மகளின் சீதனம்; அதனால் தந்தையின் நோயும் அவள் தலையிலேயே விழுகிறது. மகன் மத்திய கிழக்கில் உழைத்துப் பணம் அனுப்புவான்; தூக்குவதும் துடைப்பதும் ஊட்டுவதும் அவள்தான். தந்தைக்குப் பூட்டிய கதவு அவளுக்கும் பூட்டியதே. மாலையில் ஒரு மணி நேரம் பேரனோ, மருமகனோ, அயல்வீட்டு இளைஞனோ அவரை வெளியே அழைத்துச் சென்றால் ஒரே திறப்பில் இருவருக்கு விடுதலை!

நம் வாலிபர் சங்கங்கள் கிரிக்கெட் போட்டிக்குக் கடற்கரையைச் சுத்தம் செய்கின்றன. அதே கைகள் ஒரு நாற்காலியையும் தள்ளட்டும். அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர் இரக்கத்தை வேண்டவில்லை. தாம் வலையிழுத்த கரையையும், தாம் விதைத்த வயலையும் திரும்பப் பெறுகின்றார். அவற்றைப் பறித்தது நோய் மட்டுமன்று, நாமுந்தான். நாமே திருப்பிக் கொடுப்போம்.