பாத்திக்கு ஏற்ற கள்ளி

கள்ளி எங்கும் வளரும் என்பர் பலர். புனேயில் அக்கருத்து முழுதும் பொருந்தாது. சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழைநீரைக் கரிசல் மண் எளிதில் விடாது. கள்ளியின் வேர் அழுகிவிடும். ஆகவே, மணலும் சரளையும் கலந்து உயர்த்திய பாத்தியே ஏற்றது.

அதில் எதனை நடுவது? சப்பாத்திக்கள்ளியின் மஞ்சள் மலர் மனத்தைக் கவரும். ஆயினும், அதன் ஒடிந்த துண்டும் வேரூன்றிப் பரவும். தென்னிந்தியாவில் பெருகிய அதனை ஒழிக்க, அதன் சாற்றை உறிஞ்சும் பூச்சியை 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவர நேர்ந்தது. மாமில்லேரியா முதலிய குறுங்கள்ளிகளோ நட்ட இடத்திலேயே உருண்டையாக வளர்ந்து, உச்சியைச் சுற்றி மாலைபோலப் பூக்கும். பாத்திக்கு அவையே தக்கவை. மலரின் அழகோடு செடியின் இயல்பையும் மண்ணின் தன்மையையும் அறிந்து தேர்வதே நன்று.