படகில்லாதவன் சீசன்

அமெரிக்காவுல மீன் பிடிக்கப் போறேன்னு சொன்னா நம்மாளுங்க கேக்குற முதல் கேள்வி, "படகு வாங்கிட்டியா?" மக்களே, என் கட்சி இதுதான்: பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரைக்கும் வடக்கு டெக்சாஸ்ல கிராப்பி பிடிக்கப் படகு தேவையே இல்லை. சொல்லப்போனா, அந்த நாட்கள்ல கரையில நிக்கிறவன் கைதான் ஓங்கியிருக்கும்.

கிராப்பி தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தட்டையான நன்னீர் மீன். வெள்ளி உடம்புல கருப்புத் திட்டு. வெள்ளை, கருப்புன்னு ரெண்டு இனம் உண்டு. வாய்த்தோல் காகிதம் மாதிரி மெல்லிசு. அதனால 'பேப்பர் மவுத்'னு ஒரு பட்டப்பேரும் உண்டு. வெள்ளைக் கிராப்பியில உலக சாதனை 5 பவுண்டு 3 அவுன்ஸ். 1957ல மிசிசிப்பி மாநிலத்து ஈனிட் அணைப் பக்கம் பிடிச்சது. நமக்கு முக்கால் பவுண்டு மாட்டினாலே திருவிழா :-)

மத்த மாசங்கள்ல இது ஆழத்துல, மூழ்கிக் கிடக்கும் மரம், புதர் மேல கூட்டமா தொங்கிக்கிட்டிருக்கும். அது படகுக்காரங்க ராஜ்ஜியம், ஒத்துக்கிறேன். 2018ல கார்மின் கம்பெனி லைவ்ஸ்கோப் கொண்டுவந்த பிறகு கேக்கவே வேணாம். தண்ணிக்குள்ள மீன் நகர்றதைத் திரையில பாத்துக்கிட்டே அதோட மூக்குக்கு நேரா தூண்டிலை இறக்கலாம். இது நியாயமான்னு தூண்டில்காரங்களுக்குள்ள பெரிய பஞ்சாயத்தே ஓடுது. நான் அதுக்குள்ள போகலை.

வசந்தம் ஆரம்பிச்சா கதை மாறுது. தண்ணி 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினதும் கிராப்பி மெதுவா கரையை நோக்கி நகர ஆரம்பிக்கும். 60லிருந்து 68க்குள்ள (அதாவது 16லிருந்து 20 செல்சியஸ்) முட்டையிடும். அதுவும் பெரும்பாலும் இடுப்பளவு, நெஞ்சளவு தண்ணியில. நாம தேடிப் போக வேண்டிய மீன் தானா நம்ம காலடிக்கு வருது. அந்த ஆழத்துக்குப் படகைக் கொண்டுவந்தா நிழலும் சத்தமும் மீனை விரட்டும். கரையில ஓசைப்படாம நிக்கிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எங்கே நிக்கணும்ங்கிறதுதான் வித்தை. ஏரியோட வடகரையைப் பாருங்க. தெற்கே சாய்ஞ்ச சூரியன் அந்தக் கரையில நேரா விழும். குளிர்ந்த வாடைக்காற்றுக்கு மறைவு வேற. தென்காற்று ரெண்டு நாள் அடிச்சா மேல்மட்டத்து வெதுவெதுப்பான தண்ணியையும் அங்கேயே தள்ளிக் கொண்டுவரும். சின்னக் குடா, சூரியச் சூட்டைப் பிடிச்சு வைக்கிற கல்லணைப்பு, கரையோரப் புதர், கோரை... இதெல்லாம் நல்ல இடம். திடீர்னு குளிர் அடிச்சா மீன் அடுத்த பள்ளத்துக்கு இறங்கிடும். ரெண்டு மூணு நாள் வெயில் அடிக்கட்டும், திரும்ப வரும். ஆயிரக்கணக்கான டாலர் கருவியை விட, கயித்துல கட்டின ஒரு தெர்மாமீட்டர் இந்த நேரத்துல அதிகம் சொல்லும்.

சாமான்? 4 இல்லாட்டி 6 பவுண்டு நரம்பு, ஒரு தக்கை, 1/16 இல்லாட்டி 1/32 அவுன்ஸ் ஜிக், இல்லேன்னா உயிரோட ஒரு குட்டி மீன். ஊர்ல ஏரிக்கரையில தக்கை போட்டு ஜிலேபிக் கெண்டை பிடிச்ச எவனுக்கும் இது கைவந்த கலை. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்: கிராப்பி மேல பாத்துத்தான் தின்னும். இரை மீனுக்கு மேல தொங்கணும், கீழே போனா கண்டுக்காது. தக்கை அமுங்கினதும் ஆவேசமா வெட்டி இழுக்காதீங்க. அந்தக் காகித வாய் கிழிஞ்சு மீன் போயிடும்.

இப்போ நான் நிஜமா சொல்ல வந்த விஷயம். டெக்சாஸ்ல பொதுச் சட்டப்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராப்பி வரைக்கும் எடுத்துக்கலாம், நீளம் 10 அங்குலமாவது இருக்கணும். சில ஏரிக்குத் தனி விதி உண்டு. "சட்டமே 25ன்னு சொல்லுது, நீ யாரு கேக்க?"ன்னு ஒரு கூட்டம் கிளம்பும். அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு பெண் மீன் பத்தாயிரக்கணக்குல முட்டை போடும். சில ஏரியில கூட்டம் அதிகமாகி மீன் வளராமலே குன்றிப் போறதும் உண்டு. அதனால இனமே அழிஞ்சிடும்னு நான் ஒப்பாரி வைக்கலை.

என் கவலை வேற. ஏரி பெருசு, ஆனா நடந்து போய் நிக்கக்கூடிய கரை கொஞ்சம்தான். படகு வாங்க வசதியில்லாத தாத்தா, பிளாஸ்டிக் வாளியோட வர்ற குடும்பம், முதல்முறை தூண்டில் பிடிக்கிற பொடியன் எல்லாருக்கும் அந்த நூறு அடிதான் ஏரி. படகுக்காரனுக்கு வருஷம் முழுக்க மீன் உண்டு. இவங்களுக்கு இந்த ஆறேழு வாரம்தான். காலையிலேயே ஒருத்தன் 25 எடுத்து ஐஸ் பெட்டியை நிரப்பினா, அன்னிக்கு அந்தக் குடாவுல அடுத்தவனுக்கு மிச்சம் இருக்காது. முட்டையிடும் நேரத்துல ஆண் மீன் உடம்பு கருத்துப்போய் கூட்டைக் காவல் காத்துக்கிட்டிருக்கும். அதைத் தூக்கிட்டா மத்த மீனுங்களுக்கு முட்டை விருந்து. அதனால நான் அப்படிக் கருத்ததை விட்டுடுவேன். வீட்டுல ஒரு வேளை வறுவலுக்கு எட்டு போதும். சட்டம் எவ்வளவு வரைக்கும்னு சொல்லுது. எப்போ போதும்னு நாமதான் முடிவு பண்ணணும்.

டிஸ்கி: டெக்சாஸ்ல மாநிலப் பூங்காவுக்குள்ள கரையில நின்னு பிடிக்க லைசென்ஸ் வேண்டாம். டல்லாஸ் பக்கம் இருக்கிறவங்க ரே ராபர்ட்ஸ் ஏரிப் பூங்காவுல ஆரம்பிக்கலாம். எண்ணிக்கை, அளவு விதி அங்கேயும் உண்டு. அறுந்த நரம்பைக் கரையில போட்டுட்டு வராதீங்க, பறவை காலைச் சுத்தும்.