காலையில் கார் துடைக்காதீர்கள்

வெம்பாக்கத்தில் விடிந்ததும் தறிச் சத்தம் கேட்கும். அதோடு இப்போது இன்னொரு சத்தமும் சேர்ந்திருக்கிறது. வாசலில் நிற்கும் காரைப் பழைய வேட்டித் துணியால் பரபரவென்று துடைக்கிற சத்தம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் துடைப்பில் வேகம் அதிகம். "தேய்க்கத் தேய்க்கத்தான்யா பளபளப்பு" என்று டீக்கடையில் சொல்கிறார்கள், பெயிண்ட் கடையில் சொல்கிறார்கள், வண்டியை விற்றவரும் சாவியைக் கையில் கொடுக்கும்போது அதையே சொல்கிறார். நானும் நம்பி இரண்டு வருஷம் தேய்த்தவன்.

பக்கத்து ஊரின் பெயரே தூசி. அந்தச் சொல்லுக்குப் படையின் முன்வரிசை என்றும் பழைய பொருள் உண்டு. ராத்திரி முழுக்க பானட்டில் வந்து இறங்குவதும் படைதான். மண்தூசியில் பெரும்பங்கு மணல் பொடி, அதாவது குவார்ட்ஸ். கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமானது. கார் பெயிண்டின் மேல் அடுக்கோ ஒருவகை பிளாஸ்டிக். உலர்ந்த துணியை வைத்து அழுத்தித் துடைக்கும்போது தூசி போவதற்கு முன் பானட் முழுக்க ஒரு நடை ஓடிவிட்டுத்தான் போகிறது. உச்சி வெயிலில் வண்டியைப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி கோடுகள் தெரியும். பெரும்பாலும் அவை நம் கைவேலை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அம்பாசடர், பியட் காலத்து வண்டிகளில் நிறம்தான் மேல் அடுக்கு. வெயிலில் அது வெளுத்துச் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் வெளுத்த தோல் துணியோடு வந்துவிடும், அடியில் இருக்கும் நல்ல நிறம் தெரியும். அன்றைக்குத் தேய்த்த பெரியவர்கள் முட்டாள்கள் இல்லை. இன்றைய மெட்டாலிக் வண்டி வேறு. தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேல் கிளியர் கோட் என்கிற நிறமற்ற பூச்சு. எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். நம் தலைமுடியே அதைவிடத் தடிமன். வெயிலின் புற ஊதாக் கதிரிடமிருந்து நிறத்தைக் காப்பது அந்தப் பூச்சுதான். ஒவ்வொரு பாலிஷும் அதிலிருந்து கொஞ்சம் சீவி எடுக்கிறது. ஏற்கெனவே இரண்டு பேர் வைத்திருந்த வண்டியில் அவர்கள் எவ்வளவு சீவினார்கள் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்காது.

இதை வெளியூர்க்காரனுக்கு விளக்கலாம். பட்டு நெய்கிற ஊரில் விளக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. கச்சாப் பட்டு மங்கலாக, விறைப்பாக வரும். சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்துப் பிசினைப் போக்கினால்தான் மினுக்கம் வரும். போகிற பிசின் நூலின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால்வாசி வரை. மினுக்கம் வருகிறதே என்று இன்னும் காய்ச்சினால் இழையே வலுவிழந்து தறியில் அறும். ஆகவே எங்கே நிறுத்துவது என்பதுதான் அங்கே கைப்பக்குவம். ஜரிகை கறுத்தது என்று எந்த நெசவாளி வீட்டிலாவது புடவையில் பல்பொடி போட்டுத் தேய்த்ததைப் பார்த்திருக்கிறோமா? அதே வீட்டு வாசலில் கார் கதவில் டூத்பேஸ்ட் தேய்க்கிறார்கள்.

டூத்பேஸ்ட்டில் இருப்பது சுண்ணாம்புக் கல் பொடி அல்லது சிலிக்கா. மெல்லிய கீறலை அது மங்க வைக்கும்தான். ஆனால் பல்லுக்காக அரைத்த பொடி அது, பெயிண்ட்டுக்கு எவ்வளவு சொரசொரப்பு தாங்கும் என்று கணக்குப் பார்த்துச் செய்ததில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் வரும் பளபளப்பு வெறும் எண்ணெய்ப் பூச்சு. மதியத்துக்குள் இரண்டு மடங்கு தூசி ஒட்டும், கதவு ரப்பரும் கெடும். பழைய கார் விற்கிற இடங்களில் ஜொலிக்கிற வண்டிகளில் பலவும் இந்தக் கதைதான். கீறலை நிரப்பி மறைக்கிற திரவம் தடவியிருப்பார்கள், நாலு தடவை கழுவினால் கோடுகள் திரும்ப வந்து நிற்கும். என் வண்டியில் மூன்றாவது கழுவலிலேயே வந்தன.

'9எச் செராமிக் போட்டால் கீறலே விழாது' என்பது இதே நம்பிக்கையின் பணக்கார வடிவம். அந்த 9எச் பென்சில் கடினத்தின் அளவு, கல்லின் அளவு இல்லை. லாரி டயர் தெறிக்கும் ஜல்லிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் ஒட்டாமல் வழிந்தோடும், கழுவுவது சுலபம். அதற்காக வேண்டுமானால் போடுங்கள்.

அப்போது என்னதான் செய்வது? நிழலில் நிறுத்தி முதலில் தண்ணீர் விட்டு மண்ணை ஓட விடுங்கள். இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் கார் ஷாம்பூ, ஒன்றில் துணி அலச. பாத்திர சோப்பு வேண்டாம், போட்டு வைத்த மெழுகை அது கழுவிவிடும். நம் போர் தண்ணீர் உப்பு, தானாகக் காய விட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு போதும். நகம் சிக்கும் கீறல் பாலிஷுக்குப் போகாது, டச்சப் பெயிண்ட் வாங்குங்கள். காக்கை எச்சத்தையும், ஆயுத பூஜை அன்று வைக்கும் மஞ்சள் குங்குமத்தையும் அன்றன்றே ஈரத்துணியால் எடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

பாலிஷ் கட்டாயம் வேண்டுமென்றால் இருப்பதிலேயே மென்மையானதை, கையால், கதவின் ஒரு கீழ் மூலையில் முதலில் போட்டுப் பாருங்கள். வெள்ளை வண்டி என்றால் துணியையும் பாருங்கள். நிறம் ஒட்டினால் உங்களுடையது கிளியர் கோட் இல்லாத பழைய பாணிப் பெயிண்ட்டாக இருக்கலாம், அதில் நிறமே கரைகிறது.

நாளைக் காலை வேட்டித் துணியைக் கையில் எடுக்கும் முன் ஒரு குடம் தண்ணீரை எடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் தூசியோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.